குவாட்டின் பின்பக்க ஷொக்: ஓட்டோ ஷொக் பொருந்துமா?

14.06.2025, காலை

குடத்தனையில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்:

"என்னிடம் பழைய 250 சிசி ஜப்பான் குவாட் (மணலில் ஓடும் நாலு சில்லு மோட்டார் வண்டி) ஒன்று இருக்கிறது. முன்னுக்கு இரண்டு ஷொக் (அடியைத் தாங்கும் ஸ்பிரிங்கும் அதற்குள் உள்ள எண்ணெய்க் குழாயும்), பின்னுக்கு ஒன்று. பின் ஷொக்கில் எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டது. மணலில் துள்ளுகிறது, பெட்டி ஏற்றினால் குந்திவிடுகிறது. ஓட்டோவின் பின் ஷொக் அதே நீளம், அதைவிட உறுதி என்று கராஜில் சொல்கிறார்கள். நீளம் சரியென்றால் போடலாம்தானே?"

14.06.2025, இரவு 9.40

போட வேண்டாம் தம்பி. போன வருசம் நான் இதையேதான் செய்தேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில், ஆழியவளையில். வாடியில் (கரையில் மீன் இறக்கும் கொட்டில்) இருந்து தார் றோட்டுக்கு மீன்பெட்டி கொண்டுவருவதுதான் என் குவாட்டுக்கு வேலை. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். முக்கால்வாசி மணல், மிச்சம் உழவு இயந்திரம் கிழித்த தடம். போன சித்திரையில் பின் ஷொக் போனது. கராஜில் ஓட்டோ ஷொக் ஒன்றைக் கொண்டுவந்து பழையதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். கண்ணுக்குக் கண் (போல்ட் துளைக்குத் துளை) 330 மிமீ, இரண்டும் ஒன்று. போல்ட் மட்டும் வித்தியாசம்: குவாட்டில் 10, ஓட்டோவில் 12. லேத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து போட்டால் முடிந்தது. போட்டோம். பூட்டிவிட்டுக் கையால் அமுக்கினால் அசையவே இல்லை. என்ன உறுதி என்று எல்லோருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

வெறும் வண்டியில் கரைக்குப் போகும்போது தடத்தில் வந்த ஒவ்வொரு மேடும் நாரியில் அடித்தது. பாரம் ஏற்றினால் சரியாகும் என்று நினைத்தேன். ஏற்றினால் வேறு கதை. பள்ளத்தில் விழும்போது இரும்போடு இரும்பு இடிக்கிற சத்தம் கேட்டது. ஆடி மாதம் வண்டி கழுவும்போது ஷொக்கின் மேல் பிரக்கட்டுக்கு அடியில் தலைமயிர் போல ஒரு கோடு தெரிந்தது. மண் என்று விரலால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் தடக்கியது. சேஸிலேயே வெடிப்பு.

வெல்டிங், உள்ளே ஒரு தகடு, ஒன்றரைக் கிழமை வண்டி இல்லாமல் தோளில் பெட்டி. ஷொக்கின் விலையை விட அதுதான் எனக்கு வலித்தது.

15.06.2025, காலை 6.15

நேற்று முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டேன். நீளம் ஒன்று என்று கராஜில் சொன்னது பிழையில்லை. ஆனால் ஷொக்குக்கு இரண்டு நீளம் உண்டு. விரிந்து நிற்கும்போது ஒன்று, முழுக்கச் சுருங்கியபோது ஒன்று. இடையில் உள்ளது ஓட்டம். என் பழைய ஷொக் 330 இல் இருந்து 270 வரை வரும், ஓட்டம் 60. ஓட்டோ ஷொக் 298 இல் நின்றுவிட்டது, ஓட்டம் 32. பின் சில்லு இன்னும் மேலே வர இடம் இருக்கிறது, ஷொக்குக்கு ஓட இடம் இல்லை. அந்த இடத்தில் முழு அடியையும் பிரக்கட் வாங்குகிறது. வெடிப்பு அதனால் வந்தது.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, தண்டை அதன் றப்பர் முட்டும் வரை உள்ளே தள்ளி அளந்து பாரும். கடையில் நின்றே செய்யக்கூடிய வேலை. கடைக்காரர் கழற்ற விடாவிட்டால் வெளியே தெரிகிற தண்டின் நீளத்தையாவது அளவும். றப்பரின் உயரத்தை அதில் கழித்தால் ஓட்டம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

17.06.2025

நெல்லியடிப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார், எழுபது தாண்டியவர். வெடிப்பைக் காட்டியபோது அவர் ஷொக்கைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "நிறுத்துப் பாத்தனியோ?"

எதை என்றேன்.

"வண்டியை. பாரம் எவ்வளவெண்டு தெரியாமல் ஸ்பிரிங் வாங்கிறது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்கிற மாதிரி."

நிறுத்தேன். கரையில் மீன் நிறுக்கிற மேடைத் தராசு இருக்கிறதே, அது போதும். மேலே பலகை போட்டு இரண்டு பின் சில்லையும் ஏற்றினேன். முன் சில்லுகளுக்கு அடியில் அதே உயரத்துக்குச் சீமெந்துக் கல். இல்லாவிட்டால் பாரம் ஒரு பக்கம் சரிந்து கணக்குப் பிழைக்கும். வெறும் வண்டி, பின் பக்கம்: 98 கிலோ. நான் ஏறிக் குந்தியதும் 142. என் நிறை 68, அதில் 44 பின்னுக்கு வருகிறது. முப்பது கிலோப் பெட்டி இரண்டை வைத்ததும் 205.

கவனித்தீர்களா, பெட்டி 60 கிலோ, தராசு 63 கூட்டிக் காட்டுகிறது. பெட்டி இருப்பது அச்சுக்குப் பின்னால், அதனால் முன் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி அதையும் பின்னுக்குச் சேர்க்கிறது. மணல் ஏற்றத்தில் ஹாண்டில் இலேசாகிப் போவது ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. பின் தட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் போட்ட அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். என்னுடையதில் 60.

இதில் ஸ்பிரிங் தாங்காத நிறையும் இருக்கிறது. சில்லு, அச்சு, பிரேக் ட்ரம், ஸ்விங் ஆமில் (பின் அச்சை வண்டியோடு சேர்க்கும் கை) பாதி. எல்லாம் 36 கிலோ என்று வைத்தேன். ஆக ஸ்பிரிங் தாங்குவது ஆளோடு 106, பாரத்தோடு 169.

அடுத்தது ஸ்பிரிங். என்னிடம் பிரஸ் இல்லை. ஸ்பிரிங்கைச் சமதரையில் நிறுத்தி நடுவே ஒரு ஜிஐ குழாய், நடுவில் துளை போட்ட தடித்த பலகை ஒன்றை அந்தக் குழாய்க்குள்ளால் இறக்கி, மேலே இரண்டு சீமெந்துப் பை. நூறு கிலோ. மறுபக்கத்தில் மருமகன் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய ஸ்பிரிங் 12.5 மிமீ இறங்கியது. மில்லிமீற்றருக்கு 8 கிலோ. ஓட்டோ ஸ்பிரிங் 7 மிமீ கூட இறங்கவில்லை, ஏறக்குறைய 15 கிலோ.

169 ஐ 8 ஆல் பிரித்தால் 21 மிமீ. 60 மிமீ ஓட்டத்தில் 21 நல்ல இறக்கம் (பாரத்தில் ஷொக் அமுங்கி நிற்கும் அளவு). ஆகப் பழைய ஸ்பிரிங்கே எனக்குக் காணும், புதுசாக வேண்டியது எண்ணெய்ப் பகுதி மட்டும் என்று முடிவெடுத்தேன்.

18.06.2025, இரவு

மேலே கடைசிப் பந்தியை நம்ப வேண்டாம். படுத்த பிறகு யோசித்தேன், பிழை.

சில்லில் உள்ள பாரம் அப்படியே ஷொக்குக்கு வருவதில்லை. ஸ்விங் ஆம் ஒரு நெம்புகோல். ஷொக் அச்சுக்கு நேரே இல்லை, நடுவில் பிடிக்கிறது. இன்று ஷொக்கைக் கழற்றிவிட்டு ஜக் வைத்து ஆமைத் தூக்கித் தூக்கி அளந்தேன். அச்சு 120 மிமீ மேலே வர, இரண்டு போல்ட் துளைக்கும் இடையில் குறைந்தது 60 மிமீ. இரண்டுக்கு ஒன்று. அப்படியென்றால் சில்லில் 169 கிலோ என்பது ஷொக்கில் 338 கிலோ. ஆளோடு மட்டும் 106 என்பது 212.

தொடக்கத்தில் பூட்டும்போதே ஸ்பிரிங்கை 8 மிமீ அமுக்கித்தான் பூட்டுகிறோம். அதைக் கழித்துப் பார்த்தால், 8 கிலோ ஸ்பிரிங்கில் ஆளோடு 18.5 மிமீ இறக்கம். இது நன்று. பாரத்தோடு 34 மிமீ. பாதி ஓட்டத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே போய்விட்டது, பள்ளத்துக்கு மிச்சம் 26 தான். குந்திவிடுகிறது என்று தம்பி சொல்வதும் இதுதான்.

10 கிலோ ஸ்பிரிங் என்றால் ஆளோடு 13, பாரத்தோடு 26. எனக்கு வேண்டியது அது.

சரி, 8 இல் இருந்து 10. அவ்வளவுதான் வித்தியாசம். ஓட்டோ ஸ்பிரிங் 15. எவ்வளவு தூரம் தாண்டிப் போயிருக்கிறோம் என்று பாருங்கள்.

19.06.2025

ஒரு வரி. நெம்புகோல் இரண்டுக்கு ஒன்றென்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு சில்லுக்கு நான்கில் ஒன்றாகத்தான் தெரியும், பாதியாக அல்ல. விசையும் பாதியாகிறது, ஓட்டமும் இரட்டிக்கிறது. வேறொரு வண்டியின் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்து இது விறைப்பு, இது இளக்கம் என்று சொல்வதில் பொருள் இல்லாமல் போவது இதனால்தான். ஓட்டோவில் அது இரண்டு பக்கமும் இரண்டு ஷொக்காகப் பாரத்தைப் பங்குபோடுகிறது. அங்கே அது சரியான சாமான்.

21.06.2025

அச்சுவேலி அண்ணை எழுதியிருக்கிறார்: புது ஸ்பிரிங் எதற்கு, அடியில் உள்ள வளையத்தை முறுக்கினால் ஸ்பிரிங் விறைக்கும்தானே?

விறைக்காது அண்ணை. நானும் பல வருசம் அப்படித்தான் நம்பியிருந்தேன். 8 கிலோ ஸ்பிரிங் வளையத்தை முறுக்க முதலும் மில்லிமீற்றருக்கு 8 கிலோதான், முறுக்கிய பிறகும் 8 கிலோதான். மாறுவது வண்டி நிற்கும் உயரம். பெட்டி ஏற்றிக் குந்தும் வண்டியை முறுக்கி நிமிர்த்தலாம். ஆனால் பெட்டியை இறக்கியதும் ஷொக் முழுக்க விரிந்து மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கும். சில்லு பள்ளத்துக்குள் இறங்கித் தரையைப் பிடிக்க இடம் வேண்டும். அதற்காகத்தான் ஆள் ஏறியதும் ஓட்டத்தில் கால்வாசியில் இருந்து மூன்றில் ஒன்று வரை இறங்க விடச் சொல்கிறார்கள். பாரத்தோடு ஓடுகிற என்னைப் போன்றவர்கள் ஆளோடு மட்டும் கொஞ்சம் குறைவாக வைக்கலாம். என் 13 மிமீ அந்தக் கணக்கு.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால்? அது உண்மையில் விறைக்கும். எட்டுச் சுற்று ஏழானால் ஏழில் ஒரு பங்கு கூடும். ஆனால் உயரம் போய்விடும், அரைத்துச் சமன் செய்த முனையும் போய்விடும். காஸ் வைத்து வெட்டினால் அந்த இடத்தில் இரும்பின் பதமும் போய்விடும். செய்ய வேண்டாம்.

கம்பியின் தடிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பி கொஞ்சம் தடித்தாலும் விறைப்பு எக்கச்சக்கமாகக் கூடும், நான்காம் அடுக்கில் போகும். என் பழைய கம்பி 10 மிமீ, ஓட்டோவில் இருந்தது 11.5. ஒன்றரை மில்லிமீற்றர்தான். 1.15 ஐ நான்கு தரம் பெருக்கினால் 1.75 வருகிறது. கடைக்கு வேர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காக.

22.06.2025

ஊர்காவற்றுறையில் இருந்து வந்த கேள்வி: நாலு ஷொக்கும் புதுசு, இருந்தும் கல்லில் ஓடுகிறது போல அடிக்கிறது.

ரயரில் எவ்வளவு காற்று என்று கேட்டேன். பெற்றோல் ஷெட்டில் 28 அடித்தாராம்.

குவாட் ரயருக்குப் பெரும்பாலும் 4 பிஎஸ்ஐ, கூடினால் 5. வண்டியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள், அதுதான் கணக்கு. வழமையான மானி பத்துக்குக் கீழே ஒழுங்காகக் காட்டாது, குறைந்த அமுக்கத்துக்கு வேறு மானி உண்டு, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய ரயர் குறைந்த காற்றில் நசிந்து கொடுக்கிறதே, அதுவே பாதி ஷொக். 28 அடித்தால் மணலில் ஓடவும் மாட்டாது, வெட்டிக்கொண்டு இறங்கும்.

ஷொக் வாங்க முதல் எல்லோரும் இதைப் பாருங்கள்.

22.06.2025, பின்னேரம்

ஊர்காவற்றுறை அண்ணை காற்றை இறக்கிவிட்டு எழுதியிருக்கிறார். அடி நின்றுவிட்டதாம்.

28.06.2025

தம்பியின் அடுத்த கேள்வி: பழைய ஷொக்கையே திறந்து ஓயில் சீல் மாற்ற முடியுமா.

ஷொக்கின் தலையைப் பாரும். வாயை மடித்து அடைத்திருந்தால் அது திறப்பதற்குச் செய்ததல்ல. உள்ளே சர்க்கிளிப் (பூட்டு வளையம்) தெரிந்தால் திறக்கலாம். பக்கத்தில் சிறு வால்வோடு தனிக் குப்பி இருந்தால் அது நைதரசன் நிரப்பியது, உள்ளே 10 முதல் 20 பார் வரை அமுக்கம் இருக்கும். காஸை வெளியேற்றாமல் தொடக்கூடாது, வெல்டிங் பக்கத்திலும் கொண்டுபோகக்கூடாது.

திறக்கக்கூடியது என்றாலும் சீல் மாற்றுவதோடு முடியாது. சீல் ஏன் போனது என்று பாரும். எங்கள் கரையில் காரணம் பெரும்பாலும் உப்பு. தண்டின் குரோமில் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் வரும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் சின்ன அரம். தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டைச் சீவும். புதுச் சீல் போட்டாலும் இரண்டு மாதத்தில் அதே கதி. ஒன்று இரண்டு புள்ளி என்றால் மண்ணெண்ணெய் தொட்டு 1200 தாளால் தேய்த்து, குழியை எபொக்சியால் நிரப்பி மறுபடி தேய்த்து ஓட்டலாம். சீல் ஓடும் இடத்தில் பத்துப் புள்ளி என்றால் தண்டை மறந்துவிடும்.

அந்த ஐயா இதைப் பார்த்துப் பழைய கதை சொன்னார். மொறிஸ் மைனர் என்ற பழைய காருக்கு இந்தத் தண்டே இல்லை. நெம்புகோல் ஷொக், ஒரு கை வந்து பெட்டிக்குள் போகும், பெட்டிக்குள் எண்ணெய். மேலே உள்ள மூடியைத் திறந்து ஊற்றிவிட்டால் ஓடும். பொருளாதாரத் தடைக் காலத்தில், தொண்ணூறுகளில், பெற்றோல் இல்லாமல் அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் துளி பெற்றோல். சாமானும் வராது. இருப்பதைத் திறந்து, கழுவி, அளந்து, திரும்பப் பூட்டியே பழகிய கை அவருடையது. "திறக்கேலாத சாமானை வாங்காதை" என்று அவர் சொல்வது அந்தக் காலத்தில் இருந்து வருகிறது. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். வாகன இறக்குமதி 2020 இல் நின்றது, 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் எங்களிடம் இருந்த பழைய வண்டிகளைத் திறந்து பூட்டித்தானே ஓட்டினோம்.

03.07.2025

உப்புக்கு ஒரு வழி: பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டித் தண்டுக்கு மேல் உறை போல மாட்டி, மேலும் கீழும் கட்டிவிடுங்கள். மணல் போகாது. போட்டு ஒரு கிழமை, நன்றாக இருக்கிறது.

12.07.2025

எதை வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பார்த்த வரையில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எல்லாம் கிடைக்கும், குவாட்டுக்கு என்று கேட்டால் தேட வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் வரும். அங்கே சொல்லிவைத்து எனக்கு ஒன்று கிடைத்தது: 330க்கு 270, ஓட்டம் 60, தலையில் சர்க்கிளிப், நைதரசன் குப்பி இல்லை, 10 மிமீ போல்ட். தண்டைச் சன்னலடியில் பிடித்துப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட இல்லை. ஸ்பிரிங் மட்டும் வேறு ஏதோ, அளந்தால் 6 கிலோ. அதை எறிந்துவிட்டேன்.

எறிந்துவிட்டேன் என்பது பிழை, வைத்திருக்கிறேன். பாரம் ஏற்றாமல் ஓடும் யாருக்காவது பொருந்தினால் கேளுங்கள்.

பெரிய பெயர்களைக் கேட்கிறீர்கள். ஜப்பான் வண்டிகளில் வருவது பெரும்பாலும் ஷோவா அல்லது கேவைபி. வெளியில் தனியாக வாங்குவதென்றால் அமெரிக்காவின் பொக்ஸ், சுவீடனின் ஓலின்ஸ், கனடாவின் எல்கா. எல்லாம் திறந்து பூட்டக்கூடியவை, ஓட்டுபவரின் நிறையையும் பாரத்தையும் கேட்டு ஸ்பிரிங் பொருத்தித் தரக்கூடியவை. நல்ல சாமான்கள். ஒரு கிலோமீற்றர் மணலில் பெட்டி இழுக்கும் வண்டிக்கு அவ்வளவு காசு போட எனக்கு மனம் வரவில்லை. அழுத்தத்துக்கு ஒரு திருகு, மீள்வதற்கு ஒரு திருகு என்று இருப்பவற்றில் அந்தத் திருகுகளை உப்பு முதலில் பிடிக்கும். மாதம் ஒருமுறை திருப்பிவிடாவிட்டால் இறுகிப்போகும்.

ஸ்பிரிங்குக்கு மட்டும் நல்லதைத் தேடினேன். ரொறன்ரோவில் மச்சான் இருக்கிறார், நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். அங்கே ஸ்பிரிங் இறாத்தல், அங்குலத்தில்தான் கேட்க வேண்டும். மில்லிமீற்றருக்கு ஒரு கிலோ என்றால் அங்குலத்துக்கு 56 இறாத்தல். 10 என்றால் 560. அப்படி ஒன்று இல்லை, 550 இருக்கிறது. அது 9.8 கிலோ. போதும்.

முன் ஷொக்குகள் மாற்றுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் ஒரு பக்கம் இழுக்கும்.

27.07.2025

மச்சான் வந்துவிட்டார். பெட்டிக்குள் பிள்ளைகளின் சட்டைகளுக்கு நடுவே துவாயில் சுற்றிய ஸ்பிரிங். உள்விட்டம் 57 மிமீ, ஷொக்கில் ஸ்பிரிங் குந்தும் இடம் 55. இரண்டு மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உடலில் உரசும். நெல்லியடி லேத்தில் அலுமினிய வளையம் இரண்டு கடைந்தோம், மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று.

எண்ணெய் பற்றி ஐயாவுக்கும் எனக்கும் நெடுநேரம் கதை. ஸ்பிரிங் விறைத்தால் அது திரும்ப எறிகிற விசையும் கூடும், அதைப் பிடிக்க எண்ணெயும் கொஞ்சம் தடிக்க வேண்டும். ஆனால் ஸ்பிரிங் கூடிய அதே அளவுக்கு அல்ல, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குத்தான். 8 இல் இருந்து 9.8 என்றால் பிடிப்புப் பத்து வீதம் கூடினால் காணும். முன்பு இருந்தது 10 டபிள்யூ போர்க் எண்ணெய் (மோட்டார் சைக்கிளின் முன் ஷொக்குக்கு ஊற்றுவது, 10 என்பது தடிப்பு எண்). 10உம் 15உம் பாதிக்குப் பாதி கலந்தோம்.

காற்று வெளியேற்றும் வேலையில் அவசரப்படக்கூடாது. ஐயா தண்டைப் பிடித்து மெல்ல மேலே இழுப்பார், நிறுத்துவார், குமிழி வரும் வரை காத்திருப்பார், மெல்ல இறக்குவார். இருபது தரத்துக்கு மேல். முதலில் எண்ணெய் பால் போல வெளிறி நின்றது, பிறகு தேன் போலத் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் சர்க்கிளிப்.

29.07.2025

பூட்டியாயிற்று. ஒரு சங்கதி: றப்பர் புஷ் (போல்ட் துளைக்குள் உள்ள றப்பர்) உள்ள ஷொக்கின் போல்டை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்க வேண்டாம். வண்டி சில்லில் நின்று, ஆளும் ஏறிக் குந்தியபடி அமுங்கி நிற்கும் உயரத்தில் இறுக்குங்கள். இல்லாவிட்டால் றப்பர் எப்போதும் முறுகியபடியே நின்று கிழியும். உள் ஸ்லீவ் பிரக்கட்டின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் போல்ட் இறுகும்போது பிரக்கட் உள்ளே வளையும். ஓட்டோ ஷொக்கில் எனக்கு அதுவும் நடந்திருக்கிறது, வெல்டிங் செய்யும்போதுதான் கண்டோம்.

இறக்கம் அளந்தேன். ஆளோடு 14, பெட்டியோடு 27. கணக்கில் வந்தது 13.6, 26.5. கணக்கும் தராசும் இவ்வளவு கிட்ட வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

02.08.2025

இரண்டு பெட்டியோடு மணல்காடு வரை போய் வந்தேன். சவுக்கங்காட்டுக்குப் பக்கத்தில், மணல் மூடிய பழைய தேவாலயத்துக்கு வெளியே ஒரு நீண்ட இறக்கம். அங்கே பள்ளத்தில் பின் பக்கம் ஒருதரம் இறங்கி, ஒருதரம் எழும்பி, நின்றுவிடுகிறது. இரண்டாம் துள்ளல் இல்லை. பெட்டிக்குள் ஐஸ் குலுங்கிற சத்தம்கூடக் குறைவு. முன்பெல்லாம் றோட்டுக்கு வரும்போது மேல்வரிசை மீன் நசிந்திருக்கும்.

புது ஷொக் போட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி நன்றாக ஓடத் தொடங்கியதும் மேட்டில் ஏறிப் பார்க்கக் கை துடிக்கும். ஏற வேண்டாம். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரயர் ஒருமுறை உழுதால் அந்தத் தடத்தில் காற்று மணலை அள்ளத் தொடங்கும். எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் நிற்பது அந்த மேட்டில் ஊறிய மழையால்தான். 2004 இல் கடல் வந்த நாளைப் பார்த்தவர்களுக்கு மேட்டின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள உழவு இயந்திரத் தடத்தில் மட்டும் போங்கள்.

10.08.2025

03.07 இல் எழுதிய ரியூப் உறையைக் கழற்றிவிடுங்கள். போட்டவர்கள் இன்றே கழற்றுங்கள்.

முன் ஷொக் ஒன்றில் நான் போட்டிருந்ததை இன்று அவிழ்த்தேன். உள்ளே ஈர மணல் கஞ்சி போல. கட்டியிருந்தபடியால் உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஆறு கிழமையில் தண்டின் அடியில் நாலு புள்ளி. உறை இல்லாத மறுபக்கத் தண்டு சுத்தம்.

உறை வேண்டுமென்றால் கீழ்ப்பக்கம் திறந்தபடி, மண் விழுந்து போகும்படி இருக்க வேண்டும். அதைவிட நல்லது கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொரு நாளும் வேலை முடிய ஒரு வாளி ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, தண்டில் ஒரு துளி எண்ணெய் தடவுகிறேன். பிரஷர் வோஷரைச் சீலுக்கு நேரே பிடிக்க வேண்டாம், அது மணலை உதட்டுக்குள் தள்ளும்.

இதைக் கேட்டு உறை போட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

17.08.2025

குடத்தனைத் தம்பி தன் கணக்கைப் போட்டிருக்கிறார். அவர் 81 கிலோ, பெட்டி ஒன்றுதான், அதிலும் கிழமைக்கு மூன்று நாள். சில்லு 120 ஓட ஷொக் 60. ஸ்பிரிங் தாங்குவது ஆளோடு 114, பெட்டியோடு 145. ஷொக்கில் 228, 290. 8 மிமீ அமுக்கிப் பூட்டினால், 8 கிலோ ஸ்பிரிங்கில் 20.5, 28. அவருக்கு நான் போட்ட 9.8 தேவையே இல்லை. அவருடைய பழைய ஸ்பிரிங் அளந்தால் இன்னும் 8 தான் காட்டுகிறது, உயரம் மட்டும் 5 மிமீ குறைந்திருக்கிறது. வயதான ஸ்பிரிங் குட்டையாகும், விறைப்பு அவ்வளவாக மாறாது. அந்த 5 மிமீயை வளையத்தை முறுக்கி எடுக்கலாம். அச்சுவேலி அண்ணை, வளையம் உதவுகிற இடம் இதுதான்.

ஆகத் தம்பிக்கு வேண்டியது திறக்கக்கூடிய எண்ணெய்ப் பகுதி ஒன்று, 330க்கு 270. பழைய ஸ்பிரிங்கை அதிலேயே மாட்டலாம். பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.

24.08.2025

தம்பிக்கு ஷொக் வந்துவிட்டது. தண்டில் சீல் ஓடாத மேல்முனையில் ஒரே ஒரு புள்ளி, பரவாயில்லை. நாளை மறுநாள் ஐயாவின் பட்டறையில் திறக்கிறோம். 10 டபிள்யூ ஒரு லீற்றர் வாங்கி வாரும், கலப்பு வேண்டாம்.

என்னுடையதில் இன்று திரும்ப இறக்கம் பார்த்தேன். பின்னுக்கு ஆளோடு 15. ஒரு மில்லிமீற்றர் கூடியிருக்கிறது, புது ஸ்பிரிங் படிகிறது. முன்னுக்கு வலது பக்கம் இடதை விட 4 மிமீ தாழ்ந்து நிற்கிறது. ரியூப் உறை போட்டிருந்த பக்கம். சீலைச் சுற்றி விரலை ஓட்டினேன், இலேசாக எண்ணெய் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு முன் ஷொக்கையும் கழற்றுகிறேன்.